களா வேலி: நெல்லைச் சீமையில் வீட்டு மனைக்கு முள், பூ, காய் மூன்றும் தரும் செடி

வெளிநாட்டுத் தோட்டப் படங்களில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமுமாக நிற்கும் ஹாத்தார்ன் மரத்தைப் பார்த்துவிட்டு, அதன் விதையை ஆன்லைனில் வரவழைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்த விதை முளைக்கவே பல மாதம் ஈரக்குளிரில் கிடக்க வேண்டும். முளைத்தாலும் மொட்டு விடுவதற்கு ஆண்டுதோறும் நல்ல குளிர்காலம் தேவை. இந்தியாவில் காஷ்மீர், இமாச்சல் மலைகளில் அதன் இனங்கள் உண்டு. பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். இங்கே அந்தச் செடிக்குக் கதி கிடையாது.

அது அங்கே செய்கிற வேலையை இங்கே செய்ய களா இருக்கிறது. ஆடு மாடு நுழையாத முள், மல்லிகையை ஒத்த மணமுள்ள வெள்ளைப் பூங்கொத்து, ஊறுகாய்க்குக் காய், தின்னப் பழம், வருஷம் முழுக்கப் பச்சை இலை. மேற்கு மலையடிவாரப் புதர்க்காடுகளில் இதன் தம்பியான சிறுகளா தானாகவே வளர்கிறது. களா வறட்சியைத் தாங்கும், ஓரளவு உப்பு நீரையும் பொறுக்கும். சீமைக்கருவேல்போல விதை பரப்பிப் பக்கத்து நிலத்தைப் பிடிக்காது.

ஆனாலும் ஊரில் பார்க்கும் களா வேலிகளில் பாதிக்கு மேல் ஓட்டை வேலிதான். மேலே ஆறடிக்குப் புதராக நிற்கும். கீழே முழங்கால் உயரத்துக்கு வெறும் தண்டு, அதன் வழியே நாயும் கோழியும் போய் வரும். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் இரண்டு வருஷம் கத்தரி படாததுதான் காரணம். இந்த வழிகாட்டியில் வெட்டைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லியிருப்பதும் அதனால்தான்.

வேலியா, பழமா: முதலில் தீர்மானியுங்கள்

களா பூப்பது கிளை நுனியில். வேலியை ஒழுங்காக வைக்க நாம் வெட்டுவதும் அந்த நுனியைத்தான். எனவே சுவர்போலச் சீராக வெட்டிய வேலியில் காய் குறையும்; காய்க்காக விட்ட செடி அகலமாகப் பரவும். இரண்டும் வேண்டுமென்றால் மூன்று பக்கத்துக்கு வேலியாக நட்டு, கொல்லையில் ஒன்றிரண்டு செடிகளைத் தனி மரமாக விடுவது நல்லது. தனியாக விட்ட செடி 8 முதல் 10 அடி உயரம் போகும், அதே அளவு அகலமும் எடுக்கும். அப்படி ஒன்று வளர்ந்து நின்றால் ஆண்டுக்கு 3 முதல் 5 கிலோ காய் எதிர்பார்க்கலாம். ஒரு வீட்டு ஊறுகாய்க்குத் தாராளம்.

வாசல் பாதை, குழந்தைகள் விளையாடும் இடம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்கு மூன்றடிக்குள் களா வேண்டாம். முள் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளரும், பல முட்கள் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். செருப்பையும் சைக்கிள் டயரையும் சர்வ சாதாரணமாகத் துளைக்கும். பக்கத்து மனை எல்லையிலிருந்தும் மூன்றடி உள்ளே தள்ளி நடுங்கள். வேலி முற்றும்போது நாலடி அகலம் எடுக்கும். எல்லைக்கல்லின் மேலேயே நட்டால் பாதி முள் அடுத்தவர் நிலத்தில் நிற்கும், வெட்டுவதற்கும் அவர் வாசலில் போய் நிற்க வேண்டிவரும்.

மண்

நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். வேம்பு, புளி நிழலில் வைத்தால் கொடிபோல நீண்டு, முள்ளும் பூவும் குறைந்து நிற்கும்.

சரள் கலந்த செம்மண்ணில் களாவுக்குச் சொர்க்கம். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற மண்ணுக்குத்தான் பக்குவம் வேண்டும்.

மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் சிக்கல் தண்ணீர்தான். ஐப்பசி மழையில் குழியில் தேங்கும் நீர் ஒரு வாரம் நின்றால் வேர் அழுகிவிடும். நடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒன்றரை அடிக் குழி எடுத்து நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் இன்னொரு முறை நிரப்புங்கள். மறுநாள் காலையில் இன்னும் தண்ணீர் கிடந்தால் சமதரையில் நடக்கூடாது. ஒரு அடி உயரம், மூன்றடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, அதன் மேல் நடவேண்டும். பாத்திக்கு மண் கூட்டும்போது மூன்றில் ஒரு பங்கு சரள் கலந்துகொள்ளுங்கள்.

ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் ஒரு அடி தோண்டியதும் சுக்கான் படலம் (இறுகிய சுண்ணாம்புக் கல்) தட்டுப்படும் இடங்கள் உண்டு. மம்பட்டி எகிறும். கடப்பாரையால் அதை உடைத்து, உடைந்த கல்லை அப்புறப்படுத்தி, குழியை மேல்மண்ணால் நிரப்புங்கள். உடைக்காமல் விட்டால் வேர் தொட்டிக்குள் அடைபட்டதாக வட்டமடித்து, நாலாம் வருஷக் கோடையில் செடி நின்ற இடத்திலேயே காயும். சுக்கான் மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு அதை வேருக்கு விடுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை நேரத்தில் இலைமேல் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை.

திசையன்விளையை அடுத்த தேரி மணலில் நீர் நிற்பதே இல்லை. அங்கே குளத்துக் கரம்பை (வண்டல் மண்) ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று கலந்து குழியை நிரப்புங்கள். உரிய அனுமதியோடு குளத்தில் எடுத்த கரம்பை கிடைக்காவிட்டால் ஊறவைத்துக் கழுவிய தென்னைநார்க் கழிவும் உதவும். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும்.

செடி தேர்வு

நர்சரியில் களா என்று கேட்டால் சில நேரம் வேறொன்றைத் தருவார்கள்: தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நேட்டால் பிளம். அதன் பூ பெரிது, இலை தடித்துப் பளபளக்கும், பழம் பெரிதாகச் சிவந்திருக்கும். அதுவும் தின்னக்கூடியதே, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஊறுகாய்க் களா அதுவல்ல. நம் களாவின் பூ சிறிது, கொத்துக் கொத்தாக வரும், காய் கோலிக்குண்டு அளவுதான்.

பெயர் வைத்த ரகங்களும் உண்டு. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா. கொங்கணத்துத் தாபோலியின் கொங்கன் போல்ட். காய்க்காக வைக்கும் தனி மரத்துக்கு இவை கிடைத்தால் வாங்கலாம். வேலிக்கு ரகம் பார்த்துப் பணம் செலவழிப்பது வீண். ஒரு வயதான, ஒன்றரை அடி உயர நாட்டு நாற்று போதும். வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள். வேர் பையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அந்த நாற்று வேண்டாம். பிடுங்கும்போது ஆணிவேர் அறுந்திருக்கும். மூன்றடி உயரத்துக்கு ஒற்றைக் குச்சியாக நிற்கும் நாற்றைவிட, முழ உயரத்தில் மூன்று கிளை விட்ட நாற்று நூறு மடங்கு மேல்.

நாற்பது, ஐம்பது செடி வேண்டுமென்றால் நாமே நாற்று விடலாம். கறுத்துக் கனிந்த பழத்தைப் பிசைந்து விதை எடுத்து, பிசுபிசுப்பு போகக் கழுவி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, அந்த வாரமே விதைத்துவிட வேண்டும். களா விதை காய்ந்து கிடந்தால் முளைப்புத் திறன் மளமளவென்று இறங்கும். டப்பாவில் போட்டு அடுத்த வருஷத்துக்கு வைப்பதெல்லாம் நடக்காது. செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய சாணி எரு 1 கலந்து, ஆறுக்கு ஒன்பது அங்குலப் பையில் நிரப்பி, பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்தில். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். நன்றாக இருப்பதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஆடி, ஆவணியில் விதைத்தால் அடுத்த வருஷ ஐப்பசியில் நடத் தயார்.

குச்சி வெட்டி ஊன்றினால் வேர் பிடிப்பது சிரமம். பால் வடியும் செடி. நல்ல காய் தரும் மரத்தை அப்படியே பெருக்க விண்பதியம் போடுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் பென்சில் கனக் கிளையில் ஒரு அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை நீக்கி, வடியும் பாலை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஈர நார்க்கழிவு பொதிந்து பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டவேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் தாள் வழியே வெள்ளை வேர் தெரியும்.

நடவு

நெல்லை, நாங்குநேரி, ராதாபுரம் பகுதிகளுக்கு ஐப்பசி முதல் மழைக்கு அடுத்த வாரமே காலம். புரட்டாசியில் குழியும் எருவும் தயாராக இருக்கவேண்டும். தென்காசி, செங்கோட்டைச் சாரல் பகுதியில் ஆனி, ஆடியிலும் நடலாம். தை தாண்டி நட்டால் வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும்.

வேலிக்குத் தனித்தனிக் குழியைவிட வாய்க்கால் மேல். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போட்டு, பத்து நாள் வெயிலில் காயவிடுங்கள். நிரப்பும்போது மேல்மண் அடியில் போகவேண்டும். வாய்க்காலின் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 2 முதல் 3 கிலோ மக்கிய எரு, 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. எரு முழுக்க மக்கியிருக்கவேண்டும். பச்சைச் சாணம் கரையானை அழைத்து வந்துவிடும். செம்மண் பூமியில் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஒற்றை வரிசைக்குச் செடிக்குச் செடி இரண்டடி. நாற்பது அடி நீளத்துக்கு இரு முனையிலும் ஒரு அடி விட்டால் 20 செடி ஆகும். ஆட்டு மந்தை போகிற வழியோரம் இரட்டை வரிசை தேவை: வரிசைகளுக்கு நடுவே ஒன்றரை அடி, ஒரே வரிசையில் மூன்றடிக்கு ஒரு செடி, ஒரு வரிசைச் செடி மற்ற வரிசையின் இடைவெளிக்கு நேராக. அதே நாற்பது அடிக்கு 26 செடி. இரட்டை வரிசைக்கு வாய்க்காலை மூன்றடி அகலமாக வெட்டி, எருவையும் இரட்டிப்பாக்குங்கள். கூடவே ஐந்தாறு நாற்றுகளைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், செத்த இடத்துக்கு ஊன்ற.

தனி மரமென்றால் ஒன்றரை அடிக் கனக் குழி, 10 கிலோ எரு, கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு, மற்ற மரத்திலிருந்து பத்தடி.

பையைக் கத்தியால் கீறி எடுங்கள். உருவினால் மண்கட்டி உடையும். பையில் மண் இருந்த மட்டத்துக்கே நடவேண்டும். தண்டு மூடும்படி ஆழ நட்டால் மழைக்காலத்தில் கழுத்து அழுகும். சுற்றி மிதித்து, உடனே ஒரு குடம் தண்ணீர். முதல் வருஷம் கொழுந்தில் முள் முற்றியிருக்காது, ஆடு கடித்துவிடும். உடைமர முள்ளை வெட்டிச் சுற்றிப் போட்டால் போதும்.

தண்ணீரும் காற்றும்

மழை தப்பினால் முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு இருமுறை, செடிக்கு 5 லிட்டர். முதல் கோடையில் வாரம் ஒருமுறை 10 லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதில் பலனில்லை, வேர் மேலேயே நின்றுவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி முதல் புரட்டாசி வரை வள்ளியூர், பணகுடிப் பக்கம் கோடையைவிட மோசம். மண்ணும் இலையும் ஒரே நேரத்தில் காயும். செடியைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்குங்கள், தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. மேற்குப் பக்கம் பனை ஓலை சார்த்தி வைத்தால் முதல் வருஷம் கடந்துவிடும். மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு காய் பெருக்கும் சித்திரை முதல் ஆனி வரை பதினைந்து நாளுக்கு ஒரு பாய்ச்சல் போதும். மார்கழி, தையில் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். அப்போது பாய்ச்சினால் இலையாகத் தள்ளும், பூ குறையும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகுவதும், மண்மேல் வெள்ளை பூப்பதும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடாமல், இடைவெளி விட்டு நிறைய விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும்.

வெட்டு

கைக்குத் தோல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. கிளையை வெட்டியதும் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் எரியும், துணியில் பட்டால் கறை போகாது. கத்தரி இலையும் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள்.

முதல் வெட்டு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஐப்பசியில் நட்ட செடி வேர் பிடித்துப் புதுக்கொழுந்து காட்டியதும், தை மாதம், தரையிலிருந்து முக்கால் அடி விட்டு மொத்தத்தையும் வெட்டிவிட வேண்டும். எல்லோரும் இங்கேதான் கை நடுங்கி, நுனியை மட்டும் கிள்ளிவிட்டு நிறுத்துகிறார்கள். நுனியைக் கிள்ளினால் கிளை நுனிக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும், அடித்தண்டு மொட்டையாகவே இருக்கும். தாழ்வாக வெட்டினால் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்திலேயே நாலைந்து கிளை புறப்படும். வேலியின் அடைசல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புதுக்கிளை ஒரு அடி நீண்டதும் பாதியை வெட்டுங்கள். மறுபடி ஒரு அடி வளர்ந்தால் மறுபடி பாதி. முதல் வருஷம் மூன்று வெட்டு: தை, ஆடி, புரட்டாசி. இரண்டாம் வருஷமும் இதே கணக்கு. நல்ல வெயில் கொளுத்தும் சித்திரை, வைகாசியில் கத்தரியைத் தொடாதீர்கள், வெட்டு வாய் காய்ந்து கிளை பின்னோக்கிக் கருகும். உயரத்துக்கு அவசரப்படாதீர்கள். மூன்றாம் வருஷக் கடைசியில் நாலடி வந்தால் சரியான வேகம்.

வேலியின் குறுக்கு வடிவம் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கவேண்டும். ஐந்தடி உயர வேலிக்கு அடி நாலடி, தலை இரண்டரை அடி. தலை அகலமானால் அடிக்கிளைக்கு வெயில் மறைந்து இலை உதிரும். ஒருமுறை உதிர்ந்த இடத்தில் மறுபடி வராது. இரு முனையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டி வெட்டினால் கோடு பிசகாது.

மூன்றாம் வருஷம் பூக்கத் தொடங்கும். மாசி, பங்குனியில் பூ, ஆனி முதல் ஆவணி வரை பழம். பழம் முடிந்த கையோடு புரட்டாசி முதல் வாரத்தில் பெரிய வெட்டு, உடனே வேலியின் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 2 கிலோ எரு, பிறகு ஐப்பசி மழை. மழையில் விடும் புதுக்கிளைதான் மாசியில் பூக்கும். மார்கழிக்குப் பிறகு வெட்டினால் அந்த வருஷக் காயை வெட்டியெறிந்ததாகக் கணக்கு. வெட்டுவதற்கு முன் உள்ளே கொண்டைக்குருவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இரண்டடியை விட்டுவிட்டு, குஞ்சு பறந்தபின் வெட்டலாம்.

தனி மரத்துக்கு வெட்டு வேறு. இரண்டடி வரை ஒற்றைத் தண்டு, அதற்கு மேல் மூன்று நாலு கிளை, அடியில் முளைக்கும் போத்துகளை உடனுக்குடன் கிள்ளவேண்டும். பிறகு காய்ந்ததையும், நடுவில் நெருக்கி வெயில் மறைப்பதையும் எடுத்தால் போதும்.

வெட்டிய முள்ளை எருக்குழியில் போடாதீர்கள். மக்க வருஷக்கணக்காகும், எரு அள்ளும்போது கையில் ஏறும். புதிதாக நட்ட தென்னை, மா கன்றுக்கு ஆட்டுக் காவலாகச் சுற்றி வைக்கலாம்.

என்ன கெடுக்கும்

பூச்சியைவிடக் கொடிதான் எதிரி. இலையில்லாமல் நூல்போலப் படரும் கொத்தான் கொடி ஏறினால் செடியின் சாற்றை உறிஞ்சும். துண்டு மிச்சமிருந்தாலும் தொடரும், ஆகவே கொடியோடு சேர்த்துக் கிளையையும் வெட்டி எரித்துவிடுங்கள். கோவைக்கொடி, முடக்கத்தான் ஆகியவை சாறு உறிஞ்சாவிட்டாலும் வெயிலை மறைக்கும். இவற்றை மழைக்காலத்தில் கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கவேண்டும், முள்ளுக்குள் புகுந்தபின் கை போகாது.

கட்டைவிரல் கனத்தில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் நீலக்கண் போன்ற இரண்டு புள்ளி: அரளி, நந்தியாவட்டையைத் தின்னும் அதே அந்துப்பூச்சியின் புழு. இளஞ்செடியை இரண்டே நாளில் மொட்டையடிக்கும். கையால் பொறுக்குவதே வழி. தரையில் கிடக்கும் பெரிய கரும்புழுக்கை இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், எறும்பு இருக்கும்வரை மாவுப்பூச்சி திரும்ப வரும். கார்த்திகை ஈரத்தில் இலைப்புள்ளி வந்தால் காற்றோட்டத்துக்கு உள்கிளையை நீக்கி, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கலாம்.

அடர்ந்த வேலியில் பாம்பு ஒதுங்கும். அடிச்சருகை நீளக் கம்பு வைத்த வாருகோலால் வாரிச் சுத்தமாக வைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள்.

காய் பறிப்பு

ஊறுகாய்க்கு, பச்சை மங்கி இளஞ்சிவப்பு ஏறும்போது பறியுங்கள். காய் பிடித்து ஏறக்குறைய இரண்டு மாதம். தின்ன, நூறு நாளுக்கு மேலாகி முழுக்கக் கறுத்து, தொட்டால் அமுங்கவேண்டும். செங்காயைக் கடித்தால் நாக்கில் பால் பிசுக்கும் துவர்ப்பும்தான் மிஞ்சும். கீழே பழைய சேலையை விரித்துக் கிளையைக் கொக்கியால் உலுக்கினால் கனிந்தது மட்டும் விழும். பச்சைக்காய் ஒரு வாரம் இருக்கும், பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பறித்த காயை உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டால் பால் கழியும். பெக்டின் நிறைய இருப்பதால் ஜெல்லி நன்றாக உறையும். பேக்கரி கேக் மேல் உட்காரும் சிவப்புச் செர்ரியும் பல நேரம் பாகில் ஊறிய களாதான்.

இடைவெளி விழுந்தால்

பழைய வேலியில் ஒரு செடி செத்தால், அதே குழியில் அப்படியே புதுநாற்று வைத்தால் பிழைக்காது. பழைய வேரைத் தோண்டியெடுத்து, ஒன்றரை அடிக்கு மண்ணை மாற்றி, எரு போட்டு நடுங்கள். இருபுறச் செடிகளையும் அந்தப் பக்கம் மட்டும் ஒரு அடி ஒடுக்கி வெட்டி, இரண்டு வருஷம் அப்படியே வைத்திருங்கள். இல்லையேல் புதுச்செடி நிழலில் நோஞ்சானாகும். நாற்று கையில் இல்லையென்றால் பக்கத்துச் செடியின் தாழ்கிளையை வளைத்து, அடியில் சிறிது பட்டை சீவி, நாலு அங்குல ஆழத்தில் மண்ணுக்குள் புதைத்து மேலே கல் வையுங்கள். ஐப்பசியில் புதைத்ததைச் சித்திரை வரை ஈரமாக வைத்திருந்து, அடுத்த மழைக்குத் தாய்ச்செடியிலிருந்து துண்டிக்கலாம்.